அபிஷா போட்ட பட்டியல்

செப்டம்பர் 10, புதன்

இறால் உரித்து விரல் நுனியெல்லாம் எரிகிறது. எழுத உட்கார்ந்தது அதனால் இல்லை. வேறு எரிச்சல்.

அபிஷா இன்று எங்கள் படகு இஞ்சின் பட்டறையின் இணையதளத்தில் ஒரு பட்டியல் போட்டாள். பொருளடக்கம். பக்கத்தின் தலையில் ஒரு பெட்டி, அதற்குள் வரிசையாகத் தலைப்புகள். எதைத் தொட்டாலும் நேரே அந்த இடத்துக்குப் போய் நிற்கிறது. அவ்வளவுதான். அரை மணி நேர வேலை. அதற்கு மாமா, என் மாமனார், பட்டறையிலிருந்து எழுந்து வந்து, கிரீஸ் கையைத் துடைத்து, போனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்து, "ஏ, இது நல்லா இருக்கே" என்கிறார்! என்னிடம் இரண்டு வருடத்தில் ஒரு தடவை அப்படிச் சொன்னதில்லை.

இந்தத் தளத்தைத் தொடங்கியது யார்? நாலு ஸ்ட்ரோக் இஞ்சின் எங்கள் ஊர் புன்னக்காயலுக்கு வந்த புதிதில் ஆளாளுக்குப் பட்டறை வாசலில் நின்று ஒரே கேள்வியைக் கேட்டார்கள். மாமா தூத்துக்குடியில் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து சொன்னதையெல்லாம் ஒரு வரி விடாமல் எழுதி ஏற்றியது நான். பாளையங்கோட்டையில் படித்த பி.ஏ. தமிழ் அதற்காவது ஆகட்டும் என்று. ஒரே நீளப் பக்கம், ஐம்பத்தெட்டுத் தலைப்பு. 'எரிபொருள் வழங்கல்'. 'குளிர்நீர்ச் சுழற்சித் தடை'. 'எச்சரிக்கை ஒலி வகைகள்'. ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்து வைத்தேன்.

இவள் ஏரல்காரி. போன மே மாதம்தான் என் கொழுந்தன் ஜோன்ஸைக் கட்டிக்கொண்டு வந்தாள். கம்ப்யூட்டர் படித்தவளாம். இஞ்சினைக் கிட்டத்தில் பார்த்ததே கல்யாணத்துக்கு அப்புறம்தான்.

தளத்தின் பாஸ்வேர்டை நானேதான் கொடுத்தேன். என் புத்தியை எதால் அடிப்பது?

செப்டம்பர் 12, வெள்ளி

மகாராணி இன்று கரையில் போய் நின்று வள்ளக்காரர்களிடம் பேட்டி எடுத்தாள். "அண்ணாச்சி, இஞ்சின் மக்கர் பண்ணுனா நீங்க என்னன்னு சொல்லுவீங்க?" இரண்டு தாள் நிறைய எழுதிக்கொண்டு வந்தாள். சாயங்காலம் பார்த்தால், பட்டியலில் என் தலைப்பு ஒன்றையும் காணோம். அதற்குப் பதிலாக—

இஞ்சின் கத்துது.
தண்ணி துப்பல.
கயிறு இழுத்தும் பிடிக்கல.
பெட்ரோல்ல தண்ணி.

இப்படியே ஐம்பத்தெட்டு!

"என்ன அபிஷா இது?" என்றேன்.

"உங்க தலைப்பு உள்ள அப்படியே இருக்குக்கா. பட்டியல்ல மட்டும் வேற மாதிரி காட்டச் சொல்லியிருக்கேன். அந்த வசதி இதுல இருக்கு."

"பாக்க அசிங்கமா இருக்கே."

"இல்லக்கா, பாக்கியசீலன் அண்ணன் சொல்லுதாங்க, எச்சரிக்கை ஒலின்னா ஏதோ புயலுக்கு ஊதுவாங்களே, அதுன்னு நெனச்சாங்களாம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஜோன்ஸும் சிரித்தான். நானும் சிரித்தேன். வயிறு எரிய எரியச் சிரித்தேன்.

இஞ்சின் கத்துதாம். இஞ்சின் என்ன ஆட்டுக்குட்டியா?

செப்டம்பர் 14, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலில் நாலு பேர் மாமியைப் பிடித்துக்கொண்டார்கள். "ஒங்க சின்ன மருமவ கெட்டிக்காரில்லா!" மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு "ஆமா" என்றாள். ஒரே ஒரு ஆமாதான். இன்னும் எனக்குத் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

செப்டம்பர் 17, புதன்

இப்போது கரையில் ஒரு புதுப் பழக்கம். வள்ளம் தள்ளுவதற்கு முன்னால் எல்லாரும் போனில் எங்கள் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்கிறார்கள். கரையில் ஒரு தடவை முழுசாக ஏறிவிட்டால், நடுக்கடலில் சிக்னல் இல்லாவிட்டாலும் பக்கம் அப்படியே நிற்கும், பட்டியலில் தொட்டால் உரிய இடத்துக்குப் போகும். அபிஷா சொல்லிக் கொடுத்தது. போனைப் பாலிதீன் கவரில் போட்டுக் கட்டி, கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போகிறார்கள். முன்பெல்லாம் மாதா படம் தைத்த உத்தரியம் மட்டும்தான் தொங்கும்.

மத்தியானம் காயல்பட்டினத்திலிருந்து ஹசன் அலி அண்ணாச்சி பட்டறை நம்பருக்குக் கூப்பிட்டார். உதிரிபாகக் கடைக்காரர். நான்தான் எடுத்தேன்.

"தங்கச்சி, நம்ம பட்டறை பக்கத்துல அந்தப் பட்டியல் போட்டது நீதானா? மாஷா அல்லாஹ், ரொம்ப சுளுவா இருக்கு."

"இல்ல அண்ணாச்சி. உள்ள இருக்கறத எழுதுனதுதான் நான்."

"அப்படியா, சரி சரி. பட்டியல் போட்ட பிள்ளைகிட்ட கொடு."

கொடுத்தேன்.

செப்டம்பர் 20, சனி

இவர் இன்று காலையில் பக்கத்தைத் திறந்தார். என் புருஷன், டைட்டஸ். "எங்கப்பன் பட்டறைய வச்சிக்கிட்டு நான் போன்ல பாக்கணுமாட்டி?" என்று இரண்டு வருடமாக என்னைக் கேலி செய்தவர். நான் எழுதியதில் ஒரு வரி படிக்காதவர். பிள்ளைகள் தூங்கின பிறகு உட்கார்ந்து எழுதுவேன். "லைட்ட அமத்தேன்" என்பார்.

இன்று கருப்பட்டிக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பட்டியலை விரலால் தள்ளிக்கொண்டே, "மேலயே கெடக்கே, இஞ்சின் கத்துதுன்னு. சின்னவ மண்டையே மண்டை" என்கிறார்.

சின்னவ மண்டையே மண்டை. அப்போ நான்? நான் இந்த வீட்டில் என்ன, எழுத்துக்கூலியா?

அழுகை வந்தது. அடுக்களைக்குப் போய் வெங்காயத்தை எடுத்து வெட்டினேன். குழம்பே வைக்கவில்லை, வெங்காயம் மட்டும் ஒரு கிண்ணம் கிடந்தது.

செப்டம்பர் 22, திங்கள்

நேற்றுப் பூசைக்குப் பிறகு அபிஷா ஏரலுக்குப் போய்விட்டாள், அம்மாவைப் பார்க்க. வெள்ளிக்கிழமைதான் வருவாளாம்.

நான் தளத்தைத் திறந்தேன். அமைப்புகளுக்குள் போனேன். பொருளடக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்று கேட்க அங்கே ஒரு பெரிய பக்கமே இருக்கிறது. எத்தனை நிலைத் தலைப்புகள் வரை காட்டலாம்? ஆறு வரை போகிறது. முதல் நிலை மட்டும் போதும் என்று வைத்தேன். ஐம்பத்தெட்டு வரி ஏழாகச் சுருங்கியது. மாற்றுத் தலைப்புகள் காட்டவா? வேண்டாம். மாற்றுத் தலைப்புகளை அழிக்கவா? அழி. பெட்டியின் நிறம் நீலமாக இருந்தது, அவளுக்குப் பிடித்த நீலம். சாம்பல் ஆக்கினேன்.

பார்க்க எவ்வளவு லட்சணமாக இருக்கிறது! 'இஞ்சின் உறுப்புகள்', 'எரிபொருள் வழங்கல்', 'குளிர்விப்பு', 'மின்னமைப்பு'. புத்தகம் மாதிரி. என் தலைப்புகள்.

அழகுக்காகத்தான் செய்தேன். இங்கே எழுதி வைக்கிறேன்: அழகுக்காக.

செப்டம்பர் 23, செவ்வாய்

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியென்றால் அவள் பட்டியலை யாரும் உண்மையில் பார்க்கவே இல்லையோ? எல்லாம் வெறும் பேச்சுதானோ? சந்தோஷமாகத்தான் இருந்தது. சாளைக் குழம்பு வைத்தேன், நன்றாக வந்தது.

செப்டம்பர் 24, புதன்

மணி ஒன்று. காலை பதினொன்றுக்கே கரை பிடிக்க வேண்டியவர்கள். இவரும் இவரோடு வள்ளத்தில் போகும் பாக்கியசீலன் அண்ணனும்தான் போயிருக்கிறார்கள், இரண்டே பேர்.

இரண்டரை. போன் தொடர்பு எல்லைக்கு அப்பால். மற்ற வள்ளமெல்லாம் வந்துவிட்டது.

மூன்றே முக்கால். ஜோன்ஸும் மாமாவும் வேறு வள்ளம் எடுத்துக்கொண்டு தேடப் போயிருக்கிறார்கள். மாமி மாதாவுக்கு முன்னால் முழங்காலில் நிற்கிறாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அப்பா எங்கே என்கிறார்கள். கடல்ல காத்து. கடல்ல நல்லா காத்து. ஏன் எழுதுறேன்னு தெரியல, கை சும்மா இருக்க மாட்டேங்குது. மாதாவே, மாதாவே.

ஆறு மணி பத்து. வந்துட்டாங்க. கட்டி இழுத்துட்டு வந்தாங்க. வந்துட்டாங்க.

செப்டம்பர் 25, வியாழன்

நடந்தது இதுதான். இவர் அடுக்களை வாசலில் உட்கார்ந்து சொன்னார், நான் சோறு போட்டுக்கொண்டே கேட்டேன்.

காலை எட்டரைக்கு, கரையிலிருந்து நல்ல தூரத்தில், இஞ்சின் விடாமல் பீப் பீப் என்று கத்தியிருக்கிறது. வேகமும் தானாகக் குறைந்துவிட்டது. இவர் கழுத்தில் கிடந்த போனை எடுத்திருக்கிறார். காலையில் கரையில் திறந்து வைத்த பக்கம் இருக்கிறது. பட்டியலில் ஏழே வரி.

"அன்னைக்கு மேலயே கெடந்துச்சுட்டி, இஞ்சின் கத்துதுன்னு. நேத்து அதக் காணோம். என்னமோ அமைப்பு, வழங்கல்னு கெடக்கு. நனைஞ்ச கவருக்குள்ள வெரல வச்சித் தள்ளித் தள்ளிப் பாக்கேன், பக்கம் முடியவே மாட்டேங்கு. சரியா ஏறலயோன்னு திரும்ப ஏத்திப் பாத்தேன். அங்கன ஏது சிக்னல்? உள்ளதும் போச்சு. வெறும் வெள்ளையா நிக்கி."

பெட்ரோல் கோளாறு என்று நினைத்து, இஞ்சினைத் திரும்பத் திரும்ப முடுக்கியிருக்கிறார்கள். கோளாறு பெட்ரோலில் இல்லை. கடலில் மிதந்த சாக்குத்துண்டு, இஞ்சின் காலில் தண்ணீர் உறிஞ்சும் இடத்தை அடைத்திருக்கிறது. அதை உருவிப் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் ஆறவிட்டிருந்தால் போதும். நான் எழுதியிருக்கிறேன். நாற்பத்தோராவது தலைப்பில், எண்ணிட்டு, மிகத் தெளிவாக எழுதியிருக்கிறேன்.

சூட்டில் பிஸ்டன் இறுகிவிட்டது. மூடியைத் திறக்கப் போய் பாக்கியசீலன் அண்ணனுக்கு வலது உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. பதினைந்து நாள் கயிறு தொட முடியாது. காற்று தெற்கே இழுத்துக்கொண்டு போன வள்ளத்தை வேறு ஊர்க்காரர்கள் பார்த்துக் கட்டி இழுத்து வந்தார்கள்.

மாமி ஆரம்பித்துவிட்டாள். "ஏரல்காரிக்கு கடலப் பத்தி என்ன தெரியும்? இன்னைக்கு ஒன்னு வைக்கா, நாளைக்கு ஒன்ன எடுக்கா. வெளயாட்டுச் சாமானா இது? எம்பிள்ளைய மேல அனுப்பிருப்பாளே!"

எழுதவே கூசுகிறது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அதைக் கேட்க எனக்கு இனித்தது.

மத்தியானம் தளத்தைத் திறந்து எல்லா நிலையும் காட்டும்படி வைத்தேன். ஆனால் அவள் வைத்த வார்த்தைகளை நான் அழித்தேபோட்டேனே. திரும்ப எழுதலாம் என்று உட்கார்ந்தால், பத்துக்கு மேல் வரவில்லை. இந்த ஊரில் பிறந்தவள் நான். என் அப்பா வள்ளக்காரர். அவர் இஞ்சினைத் திட்டின வார்த்தையெல்லாம் எங்கே போயிற்று?

செப்டம்பர் 26, வெள்ளி

அபிஷா வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கிப் பையைக் கீழே வைக்கவில்லை, மாமி பிடித்துக்கொண்டாள். அபிஷா நேரே உள்ளே போனாள். கம்ப்யூட்டரைத் திறந்து அமைப்புகளைப் பார்த்தாள். பாஸ்வேர்டு இருப்பது எங்கள் இரண்டு பேரிடம்தான். தலையைத் தூக்கி என்னை ஒரு தடவை பார்த்தாள்.

பிறகு மாமாவிடம் திரும்பி, "ஊருக்குப் போறதுக்கு முன்னால நாந்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போல மாமா. மன்னிச்சிருங்க" என்றாள்.

என்னால் நம்ப முடியவில்லை. முதலில் வந்தது நன்றி இல்லை. கோபம். இதுலயும் நீதான் ஜெயிக்கணுமா? நல்லவ பட்டமும் உனக்குத்தானா?

செப்டம்பர் 27, சனி

சொல்லவில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

பூசையில் நன்மை வாங்கப் போகவில்லை. வரிசை எழுந்தபோது நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் எப்படி அப்பத்துக்கு நாக்கை நீட்டுவது? மாமி திரும்பிப் பார்த்தாள். அபிஷாவும் பார்த்தாள். பாக்கியசீலன் அண்ணன் வரிசையில் கட்டுப்போட்ட கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வரும் வழியில் இவர், "ஒடம்பு சரியில்லையாட்டி?" என்றார். ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 29, திங்கள்

மொட்டை மாடியில் அபிஷா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போய் நின்றேன்.

"ஏன் அப்படிச் சொன்ன? எனக்காக நீ ஒன்னும் பழி ஏத்துக்க வேண்டாம்."

"ஒங்களுக்காக யாரு சொன்னா?" குரல் ஏறிவிட்டது, முதல் தடவையாக. "நீங்கதான் மாத்துனீங்கன்னு நான் சொல்லியிருந்தா இந்த வீட்டுல ஒரு ஆள் நம்புவாங்களா? பழி போடுதா பாருன்னுதான் மாமி சொல்லுவாங்க. வந்த நாள்ல இருந்து எதுக்கெடுத்தாலும் ஜாய்சிகிட்ட கேளு, ஜாய்சி செஞ்ச மாதிரி செய்யி. உப்புப் போட, மீன் கழுவ, செபம் சொல்ல. அந்தப் பட்டியல் ஒன்னுதான் யார்கிட்டயும் கேக்காம நான் செஞ்சது. அதையும் நீங்க..."

முடிக்கவில்லை. ஈரப் போர்வையை உதறினாள். தண்ணீர் என் மேல் தெறித்தது. வேண்டுமென்றேதான் உதறினாள்.

போர்வையின் மறுமுனையைப் பிடித்தேன். பிடுங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன், பிடுங்கவில்லை. இரண்டு பேரும் பிழிந்து போட்டோம்.

செப்டம்பர் 30, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

பட்டறையில் மாமா இவருடைய இஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தார். இவரும் ஜோன்ஸும் இருந்தார்கள். மாமி காப்பி கொண்டுவந்தாள். "பட்டியல மாத்துனது அபிஷா இல்ல. நான்" என்றேன். யாருக்கும் புரியவில்லை. திரும்பச் சொன்னேன். எந்தத் தேதி, எத்தனை வரியை எத்தனையாகக் குறைத்தேன், எல்லாம்.

மாமா கையில் இருந்த ஸ்பேனரைப் பையக் கீழே வைத்தார். "எங்கிட்ட ஏன் சொல்லுத? பாக்கியசீலன் வீட்ல போய்ச் சொல்லு."

போனேன். தனியாக. அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் சோறு தின்ன முடியாமல் தின்றுகொண்டிருந்தார்.

"அப்போ பட்டியல் தானாக் கெடல. நீ கெடுத்தது."

"ஆமாண்ணே."

"ஏம்மா?"

எத்தனையோ சொல்லலாம் என்று வழியெல்லாம் கோத்துக்கொண்டு போயிருந்தேன். அழகு, ஒழுங்கு, தமிழ். வாயைத் திறந்தால் ஒரே வார்த்தைதான் வந்தது. "பொறாமைண்ணே."

அவர் தட்டைத் தள்ளிவைத்தார். பிறகு, "என் வீட்டுக்காரி கேட்டா சும்மா விடமாட்டா. அவ வாறதுக்குள்ள போ" என்றார்.

நான் போகவில்லை. அந்த அக்கா வரும்வரை இருந்தேன். அவள் பேசியதை இங்கே எழுத மாட்டேன். பேச வேண்டியதைத்தான் பேசினாள்.

அக்டோபர் 1, புதன்

இவர் சண்டை போடவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. சாப்பிட்டு முடித்து, கை கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நேத்தே சொல்லணும்னு நெனச்சேன். பக்கத்த தள்ளிக்கிட்டே இருந்தப்ப எனக்கு என்ன நெனப்புன்னா, இது ஜாய்சி எழுதுனது, கண்டிப்பா உள்ள எங்கயாவது போட்டிருப்பா, விடாமத் தேடுவோம்னுதான். ஒன்ன நம்பித்தான் அம்புட்டு நேரம் தேடுனேன்."

இவர் அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

அக்டோபர் 3, வெள்ளி

தளத்தில் பயனர்கள் என்று ஒரு பக்கம் உண்டு. என் பெயருக்கு நேரே 'நிர்வாகி' என்று இருந்தது. அதை 'எழுத்தாளர்' என்று மாற்றினேன். அபிஷா பக்கத்தில் இருந்தாள்.

"அக்கா, இத மாத்துனா பட்டியலோட அமைப்புக்குள்ள உங்களால வரவே முடியாது. பொறவு நான்தான் திரும்ப மாத்தணும்."

"தெரியும்."

"வேண்டாம்க்கா."

அமுக்கிவிட்டேன். அமைப்புகள் என்ற வரியே இடதுபக்கத்திலிருந்து மறைந்துபோனது. இனி எழுதலாம், எழுதியதைத் திருத்தலாம். எப்படித் தெரிய வேண்டும் என்று முடிவு செய்ய முடியாது.

பொறாமை போய்விட்டதா என்று என்னையே கேட்டேன். போகவில்லை. சாயங்காலம் அவள் அந்த இரண்டு தாளை வைத்துக்கொண்டு ஐம்பத்தெட்டு வரியையும் மறுபடி ஒவ்வொன்றாக அடித்தபோது, 'கயிறு இழுத்தும் பிடிக்கல' என்பது எவ்வளவு சரியான தலைப்பு என்று தோன்றியது. இது எனக்கு ஏன் தோணலை என்று உடனே நெஞ்சு காந்தியது. காந்தட்டும். தாளில் மூன்று வரி படிக்க முடியவில்லை என்று என்னிடம் நீட்டினாள். அவள் கையெழுத்துதான், அவசரத்தில் எழுதியது. கரைக்குப் போய்க் கேட்டுவந்து சொன்னேன்.

அக்டோபர் 6, திங்கள்

மாமி என்னோடு பேச ஆரம்பித்திருக்கிறாள். "புளி எங்க வச்ச?" அவ்வளவுதான். அபிஷாவிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை மாமி. கேட்கவும் மாட்டாள்.

அக்டோபர் 9, வியாழன்

இஞ்சின் சரியாகிவிட்டது. பாக்கியசீலன் அண்ணன் கை இன்னும் ஆறவில்லை. அதனால் இவரோடு ஜோன்ஸ் போனான். வழக்கமாக நாங்கள் கரைக்குப் போவதில்லை. இன்று நானும் அபிஷாவும் போனோம். நன்றாக விடிந்திருந்தது. அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. அன்று தேடப் போனதை விட்டால், கல்யாணத்துக்குப் பிறகு அவள் புருஷன் கடலுக்குப் போவது இதுதான் முதல் தடவை. கையைப் பிடித்துக்கொண்டேன்.

இவர் வள்ளத்தின் ஓரத்தில் சாய்ந்து போனில் பக்கத்தைத் திறந்தார். முழுசாக ஏறும்வரை பொறுத்திருந்தார். பட்டியலை மேலிருந்து கீழ்வரை விரலால் தள்ளிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கினார். நான் பதில் சொல்லத் தயாராக வாயைத் திறந்தேன். இவர் கண் என்னைத் தாண்டிப் போனது.

"எல்லாம் சரியா இருக்காம்மா?" என்று அபிஷாவிடம் கேட்டார்.

"இருக்கு மச்சான்."

அதற்குப் பிறகுதான் வள்ளத்தைத் தள்ளினார்கள். நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன்.